பதினான்காவது கணக்கு

"உன் பிரஸ்ல ஒண்ணு ரெண்டு எண்ணத் தெரிஞ்சவங்க ஒருத்தரும் இல்லையா அண்ணா?"

தங்கை போனில் இப்படிக் கேட்பது இது நான்காவது வாரம். அச்சகக்காரருக்குச் சுருக்கென்றது.

"என்ன தப்பும்மா?"

"ஒரு அம்மோனியாவுக்கு மூணு பிணைப்பு. ரெண்டுக்கு ஆறு. நீங்க மூணோட நிறுத்திட்டீங்க. மைனஸ் தொண்ணூத்திரண்டு வர வேண்டிய விடை, பிளஸ் ஆயிரத்து எண்பத்தொண்ணுன்னு நிக்குது. ஊர் உலகத்துல எல்லாம் வெப்பத்தை வெளியே விடற வினை, உன் பிரஸ்ல மட்டும் உள்ளே இழுத்துக்குது."

புத்தகம் தங்கையின் கணவர் எழுதியது. மாணவர்களுக்கான வேதியியல் பயிற்சி நூலின் இரண்டாம் பதிப்பு. பழைய பிணைப்புகளை உடைக்க எவ்வளவு ஆற்றல் செலவு, புதியவை உண்டாகும்போது எவ்வளவு வரவு, செலவில் வரவைக் கழித்தால் மிச்சம் என்ன என்று ஓர் அத்தியாயம் முழுக்க அதே கணக்குகள். அச்சகம் வாரம் பத்துப் பக்கம் மின்னஞ்சலில் அனுப்பும். மாப்பிள்ளை அதை வீட்டில் அச்செடுத்து மனைவியிடம் கொடுப்பார். அவள் சிவப்பு மையில் திருத்தித் தருவாள். அவளும் வேதியியல் ஆசிரியைதான்.

அச்சகக்காரர் தம் கணினியைத் திறந்து பார்த்தார். ஆறு என்றுதான் இருந்தது. விடையும் சரி. போன வாரம், அதற்கு முந்தின வாரம் என்று எல்லாவற்றையும் புரட்டினார். இங்கே சரியாக இருந்தது தங்கை கைக்குப் போகும்போது தப்பாகியிருந்தது. நடுவில் இருப்பவர் ஒரே ஆள்.

தலையில் அறுவை சிகிச்சை முடிந்து ஆறு மாதம்கூட ஆகாதவளை உட்கார்த்தி வைத்து இப்படியா விளையாடுவது? பக்கங்களை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார்.

மாப்பிள்ளை சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். தங்கை உள்ளறையில் இருந்தாள்.

"என் பிரஸ் பேரைக் கெடுக்கிறது நீங்கதானா மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டார். "மெதுவா மச்சான். அவ காதுல விழுந்துடப் போகுது."

தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் அவர் சொன்னது இதுதான். சிகிச்சை முடிந்து வகுப்புக்குப் போன முதல் நாளே, முந்நூற்றுத் தொண்ணூற்றொன்றை ஆறால் பெருக்க வராமல் கரும்பலகை முன்னால் நின்றுவிட்டாளாம். நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். சாக்பீஸை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவள் மறுபடி பள்ளிப் பக்கம் போகவில்லை. ராஜினாமாக் கடிதம் எழுதி மேசை இழுப்பறையில் தயாராக இருக்கிறது. திங்கட்கிழமை கொடுக்கப் போகிறாள். மனதை மாற்றலாம் என்று இந்தப் பக்கங்களைத் திருத்தக் கொடுத்தால், முதல் வாரமே திருப்பித் தந்துவிட்டாள்: தப்பே இல்லை, இதற்கு நான் எதற்கு என்று.

"அதனால வாரத்துக்கு ஒரு தப்பு நானே போட்டேன். என் தப்புன்னா நம்ப மாட்டா. உங்க தலையில கட்டிட்டேன்."

"என் தலைதான் கிடைச்சுதா?"

"அதுதான் காலியா இருந்துது மச்சான்."

அச்சகக்காரர் கோபத்தைத் தேடிப் பார்த்தார். அகப்படவில்லை.

"குழாயை மூடுங்க, தண்ணி வீணாப் போகுது," என்றபடி தங்கை வந்தாள். கையில் இரண்டு மூன்று தாள்கள். "நல்ல வேளை, நீயே வந்துட்டே அண்ணா. அந்த அம்மோனியா..."

"எங்க தப்புதாம்மா," என்றார் அச்சகக்காரர், சற்றும் தயங்காமல். "கவனிக்காம விட்டுட்டோம். இனிமே நடக்காது."

"சரி. அப்போ ரெண்டாவது?"

"ரெண்டாவதா?" என்றார் மாப்பிள்ளை.

"பதினாலாவது கணக்கு. மீத்தேன் எரியறது. மைனஸ் எண்ணூத்திரண்டு, விடை சரி. ஆனா தண்ணிக்குப் பக்கத்துல திரவம்னு போட்டிருக்கு. பிணைப்பு ஆற்றல் வச்சுப் போடற கணக்கு வாயுவுக்குத்தானே செல்லும்? அங்க நீராவின்னு இருக்கணும். திரவம்னா விடையே வேற."

மாப்பிள்ளை ஈரக் கையோடு தாளை வாங்கினார். உதடுகள் அசைந்தன. "இது... இதை நான் போடலையே," என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

அச்சகக்காரர் அவசரமாகத் தம் பக்கங்களைப் பிரித்தார். அதிலும் திரவம்தான். மாப்பிள்ளையின் கையெழுத்துப் பிரதியிலேயே அப்படித்தான் வந்திருக்கிறது.

"தெரியும்," என்றாள் தங்கை. "நீங்க போடறதெல்லாம் எண்ணிக்கையில மட்டும்தான். ஆறுன்னா மூணு, நாலுன்னா ரெண்டு. பாவம், வேற மாதிரி தப்புப் பண்ண வரலை உங்களுக்கு. ரெண்டாவது வாரமே புரிஞ்சுபோச்சு. அப்புறம் அரை மணி நேரம் தேடற மாதிரி உட்கார்ந்திருந்ததுதான் எனக்கு வேலை."

"அப்போ ஏன் என்னைப் போன் பண்ணித் திட்டினே?" என்றார் அண்ணன்.

"இவர் பக்கத்துல நின்னு ஒட்டுக் கேட்பாரே. சந்தோஷப்படட்டும்னுதான்."

அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "எனக்காக ஒளிச்சு வச்சதை நான் கண்டுபிடிச்சா அதுல என்ன இருக்கு? இது யாரும் ஒளிச்சு வைக்காதது. போன பதிப்புலயும் இருக்கு. அதைத் திருத்தினதும் நான்தான், நல்லா இருந்தப்போ. அன்னிக்கு என் கண்ணுல படலை."

மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டார். கையில் சோப்பு இருந்தது நினைவில்லை. அதனால் நிறையவே துடைக்க வேண்டியிருந்தது.

அச்சகக்காரர் அவள் போட்டுப் பார்த்த தாளை வாங்கிக்கொண்டார். நான்கு, இரண்டு, இரண்டு, நான்கு என்று பிணைப்புகளை எண்ணி, பெருக்கி, கூட்டி, கழித்து எழுதியிருந்தது. ஓர் இடத்திலும் அடித்தல் இல்லை. மடித்துப் பையில் வைக்கும்போது மறுபக்கம் கண்ணில் பட்டது.

'பெறுநர், தலைமையாசிரியர் அவர்கள்' என்று தொடங்கி, கீழே தங்கையின் கையெழுத்து.

"என்னம்மா இது, உன் ராஜினாமாக் கடிதம்!"

"பின்பக்கம் சும்மாத்தானே இருந்துது அண்ணா," என்றாள் அவள், குழாயை இறுக்கி மூடிக்கொண்டே. "தாளை வீணாக்கலாமா?"