நீலக் கோடு

அம்மாவோடு இருக்கும் ஜெனிஷா ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அப்பா செல்வினிடம் வருவாள். கேம் பெட்டியில் இடமில்லை என்று போன வாரம் அவள் முகம் சுளித்ததால், செல்வின் கேம்களைச் சேமிக்கும் டிரைவைப் பெரிதாக வாங்கி மாற்றியிருந்தான். எல்லா கேமையும் மறுபடி டவுன்லோடு செய்ய வேண்டும் என்பது அவள் வந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. திரையில் டவுன்லோடைக் காட்டும் நீலக் கோடு எறும்பாய் ஊர்ந்தது. வேறு வழியில்லாமல் பேசத் தொடங்கினார்கள். வகுப்பில் தன் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை என்று அவள் சொன்னாள். தோசை சுடக் கற்றுக்கொண்டதாக அவன் சொன்னான், சுடவும் எழுந்து போனான். கோடு முடியப் போகும் நேரத்தில் நின்றுவிட்டது.

"நெட் போயிட்டுப்பா."

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தான். மோடத்தின் சுவிட்சில் அவள் விரல் இன்னும் இருந்தது.

"ஆமா மக்ளே, இன்னைக்கு இனி வராது" என்று சொல்லிவிட்டு, கல்லில் அடுத்த தோசையை ஊற்றினான்.