போதிய ஆதாரம்

சாக்கு அசைந்தது.

சன்னலுக்கு வெளியே நின்ற தூங்குமூஞ்சி மரத்தின் நிழலும் அறைக்குள் அசைந்துகொண்டிருந்தது. அதனால் முதலில் அதையும் நிழல் என்றே நினைத்தாள்.

மேசைமேல் இலைகளின் பச்சை வெளிச்சம். தலைக்கு மேலே மின்விசிறி. சுற்றி நின்றவர்களின் பேச்சு தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்டது.

கோட்டாட்சியராகப் பொறுப்பேற்று நான்கு நாள். நான்கு நாளும் இப்படித்தான். வேறு யாருடைய கனவுக்குள்ளோ தவறி வந்து உட்கார்ந்துவிட்டதுபோல. காலையில் அவளைக் கண்டு அறை வாசலில் இருந்த டவாலி எழுந்து நின்றபோது, பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிக்கூடப் பார்த்தாள்.

யாரும் வரவில்லை.

சாக்கு மறுபடி அசைந்தது.

"என்ன அது?"

சாக்கின் வாயை இறுக்கிப் பிடித்திருந்தவர் அவசரமாகக் குனிந்தார். பெயர் கன்னியப்பன். செங்கல் சூளையில் வேலை. பக்கத்தில் அவர் மகள் நதியா, தரையைப் பார்த்தபடி. பிளஸ் டூ முடித்துவிட்டாள். கல்லூரியில் சேர, இருளர் என்று சாதிச் சான்று வேண்டும். மூன்று வருடமாக அலைகிறார்கள்.

"சாரைங்க மேடம். கடிச்சாலும் வெசமில்ல. முன்ன இருந்த ஐயா, நீ இருளன்னா ஒரு பாம்ப புடிச்சுக் காட்டுன்னாரு. அன்னிக்கு ஒண்ணும் ஆப்படல. இன்னிக்குக் கையோட கொண்டாந்துட்டேன். அவுத்து உடட்டுங்களா? திரும்பப் புடிச்சுக் காட்டறேன்."

கண்காணிப்பாளர் சபேசன் கோப்பைத் திறந்து அவள்முன் வைத்தார். நல்ல மனிதர்தான். புது ஊரில் அவளுக்கு வீடு பார்த்துக் கொடுத்தவர். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வழக்கமா செய்யறதுதான் மேடம். போலியா எத்தனையோ பேர் வர்றாங்க. பின்னாடி வேப்பமரத்தடியில வச்சுக்கலாம். ரெண்டு நிமிஷம்."

வேப்பமரத்தடி.

அங்கேயும் ஒரு வேப்பமரம் இருந்தது. வேறு ஊர். வேறு அலுவலகம். அவளுக்குப் பதினேழு வயது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உச்சி வெயிலில் ஒரு பாம்பின் பின்னால் ஓடினார். மாடி வராந்தா நெடுகத் தலைகள். யாரோ விசிலடித்தார்கள். யாரோ செல்போனில் படம் எடுத்தார்கள். அப்பா பாம்பைத் தூக்கிக் காட்டியதும் எல்லோரும் சிரித்தார்கள்.

அப்பாவும் சிரித்தார்.

அன்று மாலையே சான்று வந்துவிட்டது. அதை வைத்துத்தான் கல்லூரி. அதை வைத்துத்தான் தேர்வு. இன்று இந்த அறை.

அப்பா போய் மூன்று வருடம் ஆகிறது. அவருக்கு எத்தனையோ முகங்கள் இருந்தன. தூக்கத்தில் வருவது அந்தச் சிரிப்பு மட்டும்தான்.

"மேடம்?"

கோப்பைப் புரட்டினாள்.

'மனுதாரர் இருளர் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை.'

மூன்று இடங்களில் அதே வரி. மூன்று வெவ்வேறு கையெழுத்துகள்.

அடுத்த தாள் ஒரு நகல். கன்னியப்பனின் உடன்பிறந்த அண்ணனுக்கு இதே அலுவலகம் கொடுத்த சான்று. இருளர் என்று எழுதி, முத்திரை குத்தி.

அந்த வட்ட முத்திரையின்மேல் விரலை வைத்தாள்.

"இது எப்போலருந்து இருக்கு சார்?"

"முதல் மனுவுலயே வச்சிருந்தாங்க மேடம். இருந்தாலும் நேர்ல ஒரு தடவ..."

"சார், உங்க சாதிச் சான்று வாங்கறப்ப நீங்க என்ன செஞ்சு காட்டினீங்க?"

அவள் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

சபேசன் சன்னல் பக்கம் திரும்பினார்.

மரத்தில் ஒரு காற்று புகுந்து வெளியேறியது. அறை முழுக்க வெளிச்சம் ஒருமுறை சிதறி மறுபடி கூடியது.

அவள் கன்னியப்பனைப் பார்த்தாள்.

"அவுக்க வேணாம்ணே. ஏரிக்கரைப் பக்கமா கொண்டுபோய் விட்டுட்டு வாங்க. பாவம், அதுக்கும் மூச்சு முட்டும்."

அவருக்குப் புரியவில்லை. கட்டளை என்பது மட்டும் புரிந்தது. சாக்கை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தபடி வெளியே போனார். டவாலி சுவரோடு சுவராக ஒட்டி வழிவிட்டார்.

நதியா போகவில்லை.

தரையிடம் பேசுவதுபோல் பேசினாள்.

"நான் இப்பவே சொல்லிடறேன் மேடம். எனக்கு புடிக்க வராது. போன தடவ என்னியும் கேட்டாங்க. பயம்மா இருக்குன்னேன். அப்ப நீ இருளச்சியே இல்லன்னுட்டாங்க."

அவள் நதியாவைப் பார்த்தபடியே பேனாவின் மூடியைக் கழற்றினாள். அந்த மூன்று வரிகளுக்கும் கீழே, 'சான்று வழங்கலாம்' என்று நிதானமாக எழுதினாள். கையெழுத்திட்டாள். தேதி போட்டாள். பச்சை மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்கு நாளில் முதல்முறையாக, அறையின் எல்லாச் சத்தங்களும் பக்கத்தில் கேட்டன. மின்விசிறியின் கிறீச். தாழ்வாரத்தில் யாரோ இருமுவது. அந்தப் பெண்ணின் மூச்சு.

"எனக்கும் புடிக்க வராது," என்றாள்.

கோப்பை எடுக்க நீண்ட சபேசனின் கை பாதியில் நின்றது.

நதியா தலை நிமிர்ந்தாள்.