தெருமுனை வரைக்கும்

“தெருமுனையில திரும்பும்போதே என் போன்ல உங்க வீட்டு நெட் வந்துடுச்சு அண்ணே. யாருக்காக இவ்வளவு தூரம் வீசுதுன்னு உங்க பொண்ணைக் கேளுங்க.”

செருப்பைக் கழற்றும் முன்பே சித்தப்பா பற்ற வைத்துவிட்டார்.

அப்பா பேப்பரை மடித்தார். அவள் நகம் வெட்டுவதை நிறுத்தவில்லை.

வீட்டு ரவுட்டர் ரொம்ப நாளாகவே நோயாளி. ஹாலில் நெட் வரும், சமையலறையில் செத்துவிடும். கம்பெனிக்குப் போன் போட்டால், அணைத்துப் போடுங்கள் என்பார்கள். அணைத்துப் போட்டு அலுத்துப் போனவள், போன வாரம் ஒரு முடிவெடுத்தாள். கம்பெனி வைத்திருந்த மென்பொருளை ரவுட்டரிலிருந்து வழித்து எறிந்துவிட்டு, வேறொன்றை ஏற்றினாள். ஏற்றும்போது கரண்ட் போயிருந்தால் பெட்டி வெறும் செங்கல்தான். போகவில்லை.

அரை மூச்சில் கிடந்த பெட்டி முழு மூச்சு விட்டது. சமையலறை தாண்டி, சுவர் தாண்டி, தெருவுக்கே போனது.

பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவளுக்கு இந்த வேலையெல்லாம் எதற்கு, எதிர்ப்பக்கம் எவனோ இருக்கிறான் என்று சித்தப்பா அடுக்கிக்கொண்டே போனார்.

“நானும் பார்த்துட்டுதான் இருக்கேன்,” என்றார் அப்பா. “நீ மாத்தினது சரியில்ல.”

“பழசைப் போட மாட்டேன்ப்பா.”

“பார்த்தீங்களா வாயை!” என்றார் சித்தப்பா. “யாரு அவன்? சொல்லு.”

நகவெட்டியைக் கீழே வைத்தாள்.

“அண்ணன்.”

சமையலறையில் அம்மா குழாயை நிறுத்தினாள். அந்த வீட்டில் அவனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அப்பா பேசி வைத்த அச்சக வேலையை உதறிவிட்டு, வீடியோ எடிட்டிங் படிக்கப் போகிறேன் என்று நின்றவன் அவன். போட்ட சட்டையோடு வெளியே அனுப்பினார் அப்பா. இப்போது எதிர்சாரியில், லாண்டரிக்கு மேலே ஒற்றை அறையில் இருக்கிறான். வகுப்பெல்லாம் ஆன்லைனில். தொடர்ந்து தவறவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். நெட் போட அவன் கையில் காசில்லை.

“இந்த வீட்டுத் தண்ணிகூட அவனுக்குக் கிடையாதுன்னு உங்கப்பா சொன்னது மறந்துபோச்சா?” என்றார் சித்தப்பா.

“தண்ணின்னுதான் சொன்னார். நெட்டுன்னு சொல்லலையே.”

அப்பா எழுந்தார். நாற்காலியை இழுத்துக்கொண்டு ரவுட்டர் இருந்த அலமாரிப் பக்கம் போனார். அவள் ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள்.

“பிடுங்கினா திரும்ப மாட்டுவேன். உடைச்சா பக்கத்து வீட்டுல கேட்டு வாங்கிக் கொடுப்பேன். என்னையும் அனுப்பணும்னா அனுப்பிடுங்க. அந்த ரூம்ல ரெண்டு பேர் படுக்கலாம்.”

“நகரு.”

“மாட்டேன்.”

நாற்காலியில் ஏறி, அவள் தலைக்கு மேலாகக் கையை நீட்டி, அப்பா ரவுட்டரை எடுத்துக்கொண்டார். பிளக்கைப் பிடுங்கவில்லை. வயர் வந்த மட்டும் இழுத்துக்கொண்டு தெருப்பக்க ஜன்னலுக்குப் போனார். விளிம்பில் இருந்த மருந்து பாட்டில்களை ஒதுக்கி, பெட்டியை வைத்தார். அதன் இரண்டு கொம்புகளையும் நிமிர்த்தினார். எப்போதும் சாத்தியே கிடக்கும் கண்ணாடிக் கதவை முழுதாகத் திறந்தார்.

எதிரே லாண்டரி வாசல் தெரிந்தது.

“சரியில்லதான்,” என்றார், திரும்பாமல். “தெருவோட நின்னுடுது, மேல அவன் ரூமுக்குள்ள எட்டல. நேத்து அந்த மழையில கீழே வாசல்ல நின்னு படிச்சுட்டிருந்தான்.”