பஞ்சாலையின் பத்தியம்

“கோப்பி, தே தாரேக், காரச் சம்பால் எதுவும் குடிக்கவோ திங்கவோ கூடாதாம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம், வந்தாலும் வராட்டியும் பாத்ரூம் போயிடணுமாம். கிளினிக்குல சொல்லிட்டாங்க,” என்றபடி கணவரின் கோப்பிக் குவளையை எடுத்துக்கொண்டாள் பஞ்சாலை. “அடக்கவே முடியலங்க. ஆறு வாரத்துல மக கல்யாணம். தாரை வார்க்க மணவறையில உட்காருறப்ப நனைஞ்சிட்டா மானமே போயிடும்.”

செம்பனைத் தோட்டத்தில் ஆள்களை வேலை வாங்கும் மண்டோர் தங்கராஜுவின் முகம் வெளுத்தது. “சரிலா, நீ பத்தியம் இரு. என் கோப்பிய ஏன் பிடுங்குற?”

“நீங்க முன்னால உட்கார்ந்து குடிச்சா எனக்கு எச்சில் ஊறும். சேர்ந்தே இருங்க.”

மனைவிக்காக அவரும் இருந்தார். தண்ணீரைக்கூடக் கொஞ்சம் கொஞ்சமாகவே குடித்தார். தோட்டத்தில் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் கைப்பேசி மணியடித்ததும் ஒதுங்கினார்.

ஐந்தாம் வாரம், அவளுக்குத் துணையாகத் தம்பின் டவுனுக்குப் போய்க் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தார்.

“தங்கராஜு!” என்று கூப்பிட்டாள் தாதி.

“நோயாளி நான் இல்ல மிஸி, இவ.”

“அக்காவுக்கு ஒண்ணுமில்லையே. போன தடவை உங்களுக்காகத்தான் கேட்டுட்டுப் போனாங்க. ஆளையே கூட்டிட்டு வாங்கன்னு நாங்கதான் சொன்னோம்.”

தங்கராஜுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எட்டு மாதமாக யாருக்கும் தெரியாது என்றல்லவா நினைத்திருந்தார்!

“உனக்கு… எப்படித் தெரியும்?”

“இருபத்தெட்டு வருஷமா ஒரு கர்ச்சீப்பக்கூடத் துவைக்காத மனுசன், விடியறதுக்குள்ள எந்திரிச்சு கைலிய அலசிக் காயப்போட்டா எனக்குத் தெரியாதா?” என்று அவர் காதோரம் சொன்னாள் பஞ்சாலை. “பத்து நாளா அலசல. அதையும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். உள்ள போங்க, மிஸி காத்திருக்காங்க.”