நாவல் மரத்து உச்சியில் மைனா

ஒரு குளத்தங்கரையில் மைனா ஒன்று இருந்தது. குளத்தில் வாழ்ந்த விரால் மீன் அதற்கு நெருங்கிய சிநேகிதி. விரால் அப்போதுதான் குஞ்சு பொரித்திருந்தது.

ஒரு நாள் மாலை கரையில் நின்ற மனிதர்கள், விடிந்ததும் குளத்தில் வலை போடலாம் என்று பேசிக்கொண்டார்கள். மைனாவுக்குப் பகீரென்றது. இப்போதே கிளம்பினால் மீன்கள் வாய்க்கால் வழியாக ஆற்றுக்குத் தப்பிவிடலாம். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று மைனா நாவல் மரத்தின் உச்சிக்குப் பறந்துபோய்க் கத்தியது.

கிளிகள் கூடின. "ஐயோ, அப்புறம்?" என்று உருகின. மைனா வலையை விவரித்தது. மீன்கள் துடிப்பதை நடித்தும் காட்டியது. பக்கத்துத் தோப்பிலிருந்தும் கூட்டம் வந்து சேர்ந்தது.

கீழே தண்ணீரிலிருந்து ஆமை தலையை நீட்டியது. "மைனா, என்ன சொல்றே? இங்கே ஒண்ணும் விளங்கலை. கீழே வந்து சொல்லேன்!"

"இதோ முடிச்சிட்டு வர்றேன். இங்கே எவ்வளவு பேர் கேட்கிறாங்க பாரு!"

கிளிகள் திரும்பத் திரும்பக் கேட்டன. மைனாவும் சொல்லிக்கொண்டே இருந்தது. இருட்டியதும் களைத்துப்போய் அங்கேயே தூங்கிவிட்டது.

அது கண் விழித்தபோது வலையை இழுத்து முடித்திருந்தார்கள். மைனா பதறிக் கரைக்குப் பறந்து வந்தது. சேற்றில் ஆமை மட்டும் இருந்தது.

"வர்றேன்னு சொன்னியே," என்றது ஆமை. "விரால் குஞ்சுகளோட கரையோரமே காத்துக்கிட்டிருந்தா. ஆழத்துக்குப் போகவே இல்லை."

மரத்திலிருந்து கிளிகள் கூப்பிட்டன.

"மைனாக்கா, அந்த வலைக் கதையை இன்னொரு தடவை சொல்லுங்க!"