கறுப்புத் தலை இல்லாத மாங்குயில்

கொல்லையில் முருங்கைக் கிளையில் ஒரு கொட்டாங்குச்சி தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்கார அமிர்தகௌரி தினமும் காலையில் அதில் பப்பாளித் துண்டு வைப்பாள். காக்கா வந்தால் விரட்டுவாள், அணில் வந்தாலும் விரட்டுவாள். "இது மாங்குயிலுக்கு வெச்சது" என்பாள். பழம் சாயங்காலம் வரை கிடந்து புளிக்கும். அந்த நாற்றத்தைச் சுமந்து சுமந்து கொட்டாங்குச்சிக்கு அலுத்துவிட்டது.

ஒருநாள் பறவை ஒன்று வந்து உட்கார்ந்தது. உடம்பெல்லாம் மஞ்சள், கண்ணில் மை தீட்டியதுபோல் ஒரு கறுப்புக் கோடு.

"மாங்குயில்தானே? அப்பாடா! சாப்பிடு" என்றது கொட்டாங்குச்சி.

பறவை ஒரு கொத்துதான் கொத்தியிருக்கும், ஜன்னல் திறந்தது. அமிர்தகௌரி கையில் புத்தகத்தோடு பறவையையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"படத்துல தலை கறுப்பா இருக்கு. இதுக்கு இல்லையே. சூ! சூ!" என்று கைதட்டினாள்.

பறவை மேல்கிளைக்குத் தாவியது.

"நீ மாங்குயில்தான்னு சொல்லேன்" என்று கெஞ்சியது கொட்டாங்குச்சி.

"எத்தனை வீட்டுலதான் சொல்றது?" என்றது பறவை. "என் பெரியப்பா மகனுக்குத் தலை கறுப்பு. பக்கத்து வீட்டுப் படத்துல தலை மஞ்சளாம். அவனை அங்கே விரட்டிட்டாங்க."

சொல்லிவிட்டுப் பறந்துபோனது.

சாயங்காலம் அமிர்தகௌரி புளித்த பழத்தை வழித்துப் போட்டாள்.

"மாசக்கணக்கா வைக்கிறேன். ஒரு மாங்குயிலாவது எட்டிப் பார்க்குதா?" என்று கொட்டாங்குச்சியிடமே கேட்டாள்.

அது திறந்த வாய் மூடாமல் தொங்கியது.