இறுக்காத போல்ட்

"யோவ் டௌவே! நீ சைக்கிள் விக்கிறியா, ஆளைக் கொல்றியா?"

சனிக்கிழமை. நெதர்லாந்தின் லீவார்டன் ஊரில் பாதி டௌவேயின் சைக்கிள் கடையில்தான் நின்றது. அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வாசலில் கெர்பென். கையில், போன மாதம் இதே கடையில் வாங்கிய புத்தம்புது சைக்கிள். பின்னால் அவன் மனைவி மார்லூஸ். இடது கை முழுக்க மாவுக்கட்டு, முன்பல் ஒன்றைக் காணோம்.

டௌவே ஓடி வந்தார். "ஐயையோ, என்னம்மா ஆச்சு?"

"அவளைக் கேக்காதே, என்னைக் கேளு! பொறந்த நாளுக்குன்னு ஆசை ஆசையா வாங்கிக் கொடுத்தேன். பாலத்துல திரும்பறா, ஹேண்டில்பார் மட்டும் திரும்புது, சக்கரம் திரும்பல! பஸ் டிரைவர் பிரேக் போடலைன்னா இன்னிக்கு இவளைப் புதைச்சுட்டு வந்திருப்பேன்!"

கெர்பென் ஹேண்டில்பாரைப் பிடித்துக் குலுக்கினான்.

"போல்ட்டை இறுக்காம விட்டவன் மனுஷனே இல்ல. கொலைகாரன்!"

டௌவே குனிந்து பார்த்தார். போல்ட்டை இறுக்கியதும் அதன்மேலும் பக்கத்து இரும்பின்மேலும் சேர்த்து மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுப்பது அவர் வழக்கம். அந்தக் கோடு இரண்டாக விலகிக் கிடந்தது. கடையை விட்டுப் போனபிறகு யாரோ கழற்றியிருக்கிறார்கள்.

"பொறந்த நாள் வரைக்கும் சைக்கிளை எங்க வெச்சிருந்தீங்க?"

"எங்க வைப்பாங்க? வீட்டு நடையிலதான். மேல மழைக்கோட்டெல்லாம் போட்டு மறைச்சு வெச்சேன். அதுக்கென்ன இப்போ?"

டௌவேக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தத் தெரு வீடுகளின் நடை அவருக்குத் தெரியாதா? மனுஷனே ஒருக்களித்துத்தான் போகணும். அங்கே சைக்கிள் வைக்கணும் என்றால் ஹேண்டில்பாரைத் தளர்த்திப் பக்கவாட்டில் திருப்பிவிடுவார்கள். ஊரே செய்கிற காரியம். நேராக்கும்போது சரியாக இறுக்காமல் விட்டால் போச்சு.

அடக் கடவுளே! கொலைகாரன் என்று இவன் திட்டுவது இவனையேவா?

டௌவே வாயைத் திறந்தார். ஒரே வார்த்தை, கடை பேர் பிழைத்துவிடும். கெர்பெனோ, மனைவியின் கட்டுப்போட்ட கைமேல் அவள் மழைக்கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தான்.

"தப்பு என்னுதுதான் கெர்பென். இறுக்க மறந்துட்டேன்."



"அடப்பாவி!" என்றார் டெக்கர் மேடம், வருஷக்கணக்கான வாடிக்கைக்காரர். "இங்கயா என் பேத்திக்கு வாங்க வந்தேன்!" விறுவிறுவென்று வெளியேறினார். பின்னாலேயே இன்னும் சிலர்.

டௌவே போல்ட்டை இறுக்கிக் கொடுத்தார்.

"ஊர் பூரா சொல்றேன், பாரு!" என்றான் கெர்பென்.

"சொல்லுங்க. ஆனா ஒண்ணு. இனிமே இதுல எதைத் திருகணும்னாலும் நீங்க கை வெக்காதீங்க. கடைக்குக் கொண்டாங்க."

"உன் கடைக்கா? நல்லா வருவேன்!" சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

மார்லூஸ் நகரவில்லை. கதவு சாத்தும்வரை காத்திருந்து, யாருக்கும் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"எதுக்கு டௌவே இந்தப் பழி உங்களுக்கு? பரிசு என்னன்னு அன்னிக்கு மாடிப்படியிலேருந்து எட்டிப் பார்த்தேன். ஹேண்டில்பாரை அவர்தான் திருப்பிட்டிருந்தார். அப்புறம் ஒழுங்கா இறுக்கியிருப்பார்னு நெனச்சேன்."

டௌவே ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"எல்லாம் தெரிஞ்சுமா, இந்த வலியோட இவ்வளவு தூரம் வந்தீங்க?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவர்கிட்ட உண்மையைச் சொல்லிடாதீங்கன்னு உங்களைக் கெஞ்சத்தான் வந்தேன். அதுக்குள்ள நீங்க முந்திக்கிட்டீங்க."